ஒரு சொட்டு காட்டும் கணக்கு

வினிகர் பாட்டிலைத் திறந்ததுமே அசிட்டிக் அமிலத்தின் நெடி மூக்கில் ஏறும். ஆனால் அது எவ்வளவு இருக்கிறது என்பதை மூக்கும் நாக்கும் சொல்லாது. லேபிளில் போட்டிருக்கும் சதவீதம் உண்மையா என்று பார்க்க விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் குழாயான ஒரு பியூரெட், குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் ஒரு பிப்பெட், கூம்புக் குடுவை, செறிவு தெரிந்த சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசல், காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினால்ப்தலீன் இரண்டு சொட்டு போதும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்காக அவசரமாகப் படித்து மறந்துவிடும் தரம் பார்த்தல்தான் இது. இவ்வளவு எளிய கண்ணாடிச் சாமான்கள் எப்படி அத்தனை துல்லியம் தருகின்றன என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

10 மி.லி. வினிகரை நீர் சேர்த்து 100 மி.லி. ஆக்குகிறோம். அதில் 20 மி.லி. குடுவைக்குப் போகிறது. பியூரெட்டில் 0.1 மோலார் காரம், அதாவது லிட்டருக்கு 0.1 மோல் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு). காரம் விழும் இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றுகிறது. குடுவையைச் சுழற்றினால் மறைகிறது. 16 மி.லி. செலவானபோது நிறம் நிலைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 16 × 0.1 = 1.6 மில்லிமோல் காரம். ஒரு அமில மூலக்கூறுக்கு ஒரு ஹைட்ராக்சைடு அயனி என்பதால் அமிலமும் 1.6 மில்லிமோல்தான். அது 20 மி.லி.யில் இருந்தது, எனவே 0.08 மோலார். பத்து மடங்கு நீர்த்திருக்கிறோம், ஆகவே அசல் வினிகர் 0.8 மோலார். ஒரு மோல் அசிட்டிக் அமிலம் 60 கிராம் என்பதால் லிட்டருக்கு 48 கிராம், அதாவது 4.8 சதவீதம்.

கூம்புக் குடுவை ஈரமாக இருந்தாலும் பாதகமில்லை. தண்ணீர் சேர்ந்தால் அமில மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. பியூரெட்டில் ஈரம் இருந்தால் காரம் நீர்த்துப்போய்க் கணக்கே கெட்டுவிடும். அதனால்தான் அதை நிரப்பவிருக்கும் காரத்தாலேயே முதலில் அலசுகிறார்கள்.

இனி துல்லியத்துக்கு வருவோம். 8 மி.லி. காரம் விழுந்தபோது குடுவையின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல்; அமிலம் குறையக் குறைய எண் ஏறும்) சுமார் 4.8. 15 மி.லி. விழுந்த பிறகும் 5.9தான். மிச்சமிருக்கும் அமிலமும் அது காரத்தோடு சேர்ந்து மாறிய அசிட்டேட்டும் கலந்த அந்தக் கலவை, வந்து விழும் காரத்தை விழுங்கிக்கொண்டு பி.எச்.சை ஏறவிடாமல் பிடித்துவைக்கிறது. 15.95 மி.லி.யில் 7.3. அமிலம் முற்றிலும் தீர்ந்ததும் பிடித்துவைக்க ஒன்றுமில்லை, 16.05 மி.லி.யில் பி.எச். 10.1! இடையே விழுந்தவை இரண்டே சொட்டு. ஹைட்ரஜன் அயனிச் செறிவோ எழுநூறு மடங்குக்கு மேல் சரிந்துவிட்டது. பினால்ப்தலீன் 8.3க்கு மேல் நிறம் காட்டத் தொடங்குவதால் இந்தத் தாவலுக்குள் வசமாக மாட்டிக்கொள்கிறது. ஒரு சொட்டு பிசகினாலும் பிழை 0.3 சதவீதம்தான். நுனியில் தொங்கும் அரைச் சொட்டைக் குடுவையின் சுவரில் தொட்டு, நீர் பீய்ச்சி உள்ளே இறக்கினால் அதையும் பாதியாக்கலாம்.

1756இல் எடின்பரோ மருத்துவர் பிரான்சிஸ் ஹோம், துணி வெளுக்கப் பயன்பட்ட சாம்பல் காரத்தின் வீரியத்தை இதே தர்க்கத்தால்தான் அளந்தார். நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தேக்கரண்டியால் ஊற்றி, நுரை நிற்கும்வரை எண்ணினார். நுரை எப்போது நின்றது என்பதைக் கண் திட்டமாகச் சொல்லாது. நிறமாற்றம் சொல்லும், சரியான நிறங்காட்டியைத் தேர்ந்தெடுத்தால். வினிகருக்கு மெத்தில் ஆரஞ்சைப் போட்டால், அது பி.எச். 4.4லேயே மஞ்சளாகிவிடும், அப்போது மூன்றில் ஒரு பங்கு அமிலம்கூட நடுநிலையாகியிருக்காது.

இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். பிறகு வெளுப்பது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால்; அதைப் பார்த்து இன்னொரு சொட்டு விடக் கூடாது. அதே வாயுவும் ஈரப்பதமும் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளையும் விடுவதில்லை என்பதால், அவற்றை எடைபோட்டுக் கரைத்து 0.1 மோலார் என்று நம்ப முடியாது. அதனால் வினிகருக்கு முன்பே காரத்தைச் சோதிக்க வேண்டும். 6.3 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகத்தை லிட்டராகக் கரைத்தால் 0.05 மோலார். ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதால், அதன் 20 மி.லி.க்குச் சரியான 0.1 மோலார் காரம் 20 மி.லி. செலவாகும். 20.5 ஆனால் காரத்தின் உண்மையான செறிவு 0.0976 மோலார்; வினிகர் கணக்கில் போட வேண்டிய எண் அதுதான்.