கொலஸ்ட்ரால் மாத்திரை நரம்பு செல்லை வளரவிடாதா?

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது இப்போது அடிக்கடி கேட்பது இது: “டாக்டர், இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை மூளை நரம்பை வளரவிடாதாமே?” கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். கேட்காமலே வீட்டில் நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அந்தப் பேச்சை வெறும் வதந்தி என்று தள்ளவும் முடியாது. நரம்பு செல் கிளைவிட்டு வளரவும், இன்னொரு செல்லோடு இணையவும் கொலஸ்ட்ரால் வேண்டும். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய 20 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க நாங்கள் கொடுக்கும் அடோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மருந்துகள், கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையின் தொடக்கத்திலேயே ஒரு நொதியைத் தடுக்கின்றன. செல்லின் கிளைகளைக் கட்டுப்படுத்தும் புரதங்களுக்குத் தேவையான சில பொருள்களும் அதே பாதையில்தான் உருவாகின்றன. அதனால் ஆய்வகத் தட்டில் வளர்த்த நரம்பு செல்களுக்கு ஸ்டாட்டினை அதிகமாகக் கொடுத்தால் கிளைகள் சுருங்குகின்றன, செல்கள் சாகவும் செய்கின்றன. அளவைக் குறைத்துக் கொடுத்தபோது கிளைகள் கூடுதலாக வளர்ந்த ஆய்வுகளும் உண்டு.

சரி, மனிதருக்கு? தட்டில் கொடுக்கும் அளவு, மாத்திரை விழுங்கியவர் ரத்தத்தில் இருப்பதைவிடப் பெரும்பாலும் பல மடங்கு அதிகம். அப்புறம், மூளை தன் கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் போவதே இல்லை என்று சொல்லலாம். ரத்தத்தில் அது குறைவதால் மூளை பட்டினி கிடப்பதில்லை. மருந்து மூளைக்குள் போகுமா என்றால், சிம்வாஸ்டாட்டின் கொஞ்சம் எளிதாகப் போகும். ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின் அவ்வளவாகப் போகாது.

2002இல் வெளியான ‘ப்ராஸ்பர்’ ஆய்வில் 70 முதல் 82 வயது வரையிலான 5,804 பேர் இருந்தார்கள். சுமார் மூன்று ஆண்டுகள் பிராவாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் நினைவாற்றல் சோதனையில் வித்தியாசம் இல்லை. ஆனாலும் சிலருக்கு மறதி, குழப்பம் வரலாம் என்று 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் குறிப்புத் தாளில் சேர்க்கச் சொன்னது. அது பொதுவாகத் தீவிரமானதல்ல, மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றும் அதே குறிப்பு சொல்கிறது.

எனவே மாத்திரை தொடங்கிய பிறகு மறதி வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். பழியை மாத்திரை மேல் போடுவதற்கு முன் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்பேன். சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். மறதியும் கால் மரத்துப்போவதும் அதனாலும் வரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலோ மந்தமும் வரும், கொலஸ்ட்ராலும் ஏறும். மாரடைப்பு வந்தவர்கள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தினால் இன்னொரு மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வாய்ப்பு கூடும். பக்கவாதம் வந்தால் நரம்பு செல்கள் நிமிடக் கணக்கில் சாகும்.

ஸ்டாட்டின் எடுக்கும் பெண்கள் குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வளரும் கருவுக்குக் கொலஸ்ட்ரால் அவசியம் என்பதால், கர்ப்ப காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு இந்த மருந்தை நிறுத்திவைப்போம்.