சார்ட்டர் பள்ளிக்குப் 'பட்டயம்' எதற்கு?

போன மாதம் மதுரையிலிருந்து அத்தை கூப்பிட்டார். ஹூஸ்டனில் இருக்கும் பேத்திக்குக் குலுக்கலில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. என்ன பள்ளி என்று மகளிடம் கேட்டதற்கு, "சார்ட்டர் ஸ்கூல்மா" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அதே வாரம் அமெரிக்கக் கல்வி பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை அத்தையின் கண்ணில் பட்டிருக்கிறது. "இதுல பட்டயப் பள்ளின்னு போட்டிருக்கான்டா. ஏழு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு டிப்ளமா?"

அத்தை தொடக்கப் பள்ளியில் முப்பது ஆண்டு பாடம் நடத்தியவர். அவருக்கே புரியவில்லை என்றால் குறை வாசித்தவரிடம் இல்லை, சொல்லிடம்தான் இருக்கிறது. இந்தப் 'பட்டயப் பள்ளி'யை நானும் பல ஆண்டுகளாகக் கட்டுரைகளிலும் தேர்வுக் குறிப்புகளிலும் படங்களின் துணையெழுத்திலும் பார்த்துப் பார்த்துப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். சார்ட்டர் பள்ளி அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல். ஆனால் அதை நடத்துவது மாவட்டக் கல்வி வாரியம் அல்ல, தனியான ஒரு குழு. அந்தக் குழு அனுமதி வழங்கும் அமைப்போடு ஓர் எழுத்து ஏற்பாடு செய்துகொள்கிறது: இத்தனை ஆண்டுக்குள் பிள்ளைகளை இந்த நிலைக்குக் கொண்டுவருகிறோம், பதிலுக்கு எங்களைப் பல விதிகளிலிருந்து விடுவியுங்கள். தவணை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஐந்தாண்டு என்பது பரவலான அளவு. தவணை முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். சொன்னதைச் செய்திருந்தால் புதுப்பிப்பு, இல்லையென்றால் மூடல். அந்த எழுத்து ஏற்பாடுதான் சார்ட்டர். அதை எடுத்துவிட்டால் இந்தப் பள்ளியில் தனித்துச் சொல்ல எதுவும் இல்லை.

வேர்ச்சொல் கிரேக்கத்தில் பாப்பிரஸ் தாளைக் குறித்தது. லத்தீனில் 'சார்ட்டா' ஆகி, சிறிய தாள் என்ற பொருளில் 'சார்ட்டுலா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் அன்றாடம் சொல்லும் கார்டும் சார்ட்டும் இதற்கு உறவு. நம் 'ஓலை' எழுதும் பொருளையும் எழுதிய ஆவணத்தையும் சேர்த்துக் குறிப்பது போலத்தான்.

சரி, பட்டயத்துக்கு வருவோம். வடமொழியில் 'பட்ட' என்றால் தகடு, பலகை. செப்புத் தகட்டில் பொறித்த அரசக் கொடை செப்புப் பட்டயம். பிரிட்டிஷ் அரசர்கள் கொடுத்த ஆவணங்களையும் நம் வரலாற்றுப் பாடநூல்கள் இப்படியே எழுதின. இந்தியக் கல்விக்கென ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்ன 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பட்டயச் சட்டம் என்றுதான் படித்தோம். அந்த இடத்தில் சொல் சரியாகவே பொருந்தியது. பிறகு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டுக்குப் 'பட்டயக் கணக்காளர்' வந்தது. அது பேச்சில் ஏறவில்லை. ஊரில் எல்லாரும் ஆடிட்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

இதற்கிடையில் தமிழ்நாட்டில் பட்டயம் வேறொரு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு படித்து வாங்குவது பட்டயம். தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர் சேர்வது பட்டயப் பயிற்சி. கல்வித் துறைக்குள் பட்டயம் என்றால் டிப்ளமாதான், வேறு பொருளே இல்லை. கல்வியைப் பற்றிய கட்டுரையிலேயே அந்தச் சொல்லை எடுத்து வேறு பொருளில் வைத்தால் வாசிப்பவர் என்ன செய்வார்? ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோ என்று நினைப்பார். பழைய தமிழ் விவிலியத்தில் வளர்ந்தவருக்குப் பட்டயம் என்றால் வாள். ஒரே சொல்லில் வாளும் செப்பேடும் டிப்ளமாவும் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நான்காவதாக ஒன்றையும் திணிப்பது அந்தச் சொல்லுக்கே செய்யும் அநியாயம்.

குழப்பம் மட்டும் என்றால் பழகிவிடும் என்று விட்டுவிடலாம். என் பெரிய மறுப்பு வேறு. பட்டயம் மேலிருந்து கீழே வருவது. அரசர் கொடுக்கிறார், பெற்றவர் வைத்துக்கொள்கிறார். முதலாம் ராஜராஜன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பெயரால் அறியப்படும் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட கொடை சந்திர சூரியர் உள்ளவரை என்ற எண்ணத்தில் கொடுக்கப்படுவது. ஐந்து ஆண்டு கழித்து வந்து, "விகாரையில் எத்தனை பேருக்குப் படிக்க வருகிறது, காட்டுங்கள்" என்று எந்தச் சோழ அதிகாரியும் கேட்கப்போவதில்லை. சார்ட்டர் பள்ளியின் உயிரோ அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயமும் 1793, 1813, 1833, 1853 என்று இருபதாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டதுதானே, பட்டயத்துக்கும் தவணை உண்டே என்று ஒரு நண்பர் வாதிட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே தவணை சட்டத்தில் இருந்தது, சொல்லில் இல்லை. வரலாறு படித்தவருக்கு மட்டும் தெரியும் ஒரு விவரத்தை நம்பிச் செய்தித்தாளுக்குச் சொல் ஆக்க முடியாது.

'சாசனப் பள்ளி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரசியல் சாசனம், அடிமை சாசனம், மரண சாசனம் எதை எடுத்தாலும் அதில் ஒரு முடிந்த முடிவு இருக்கிறது. ஆணையிடுதல் என்பதுதான் அதன் வடமொழி வேரும். 'தனியார் பள்ளி' என்று எழுதுவது பிழை, அதோடு விஷயம் முடிந்தது. 'அரசு உதவிபெறும் பள்ளி' நம்மூர் வாசகருக்குச் சட்டென்று புரியும். அரசு சம்பளம் தருகிறது, நிர்வாகம் தனியார் என்ற வரைக்கும் ஒற்றுமையும் உண்டு. ஆனால் இங்கே நூறாண்டு கடந்த உதவிபெறும் பள்ளியிடம் யாரும் தவணைக் கணக்குக் கேட்பதில்லை, குலுக்கலும் கிடையாது. அந்தப் பெயரை வைத்தால் வாசகர் தன்னூர்ப் பள்ளியை அங்கே கொண்டுபோய் நட்டுவிடுவார்.

நான் வைக்கும் சொல் உடன்படிக்கைப் பள்ளி. இரண்டு தரப்பு, ஒத்துக்கொண்ட நிபந்தனைகள், மீறினால் முறியும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. சார்ட்டரின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. சார்ட்டர் விமானம், சார்ட்டர் கப்பல் என்கிறோமே, அந்தப் பொருளுக்குப் பின்னால் 'சார்ட்டா பார்ட்டிட்டா' என்ற இடைக்கால வழக்கம் இருக்கிறது: ஒரே தாளில் இரண்டு படி எழுதி, நடுவில் வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வது. கொடுத்தவர் கையிலும் பாதி, வாங்கியவர் கையிலும் பாதி. சார்ட்டர் பள்ளிக்கு இந்தப் படம்தான் பொருத்தம்.

இந்தக் கருத்தைத் தொடங்கி வைத்தவர்களும் இப்படித்தான் யோசித்தார்கள். மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட், ஆசிரியர் குழுக்கள் கல்வி வாரியத்திடம் சில ஆண்டுத் தவணைக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்டு புதிய பாடமுறைகளைச் செய்துபார்க்கலாம் என்றார். 1988-இல் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் அதை நாடறியச் செய்தார். ஆம், தொழிற்சங்கத் தலைவர்தான். 1991-இல் மின்னசோட்டா சட்டம் இயற்றி எட்டுப் பள்ளிகள் வரை அனுமதித்தது. 1992-இல் செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. ஆசிரியர்கள் கையில் இருக்கும் என்று எண்ணியது மேலாண்மை நிறுவனங்களின் கைக்குப் போவதைப் பார்த்த ஷாங்கர் சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பாளரானார். இன்று 37 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இவற்றில் படிக்கிறார்கள். 2005-இல் காத்ரீனா புயல் அடித்த நியூ ஆர்லியன்ஸில் பின்னாளில் அநேகமாக எல்லாப் பள்ளிகளுமே இப்படி ஆயின.

ஒத்துக்கொண்டதைச் செய்தார்களா? தமிழில் வரும் கட்டுரைகளைப் படித்தால் ஒன்று அற்புதம், இல்லை மோசடி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2009-இல் சொன்னது: கணக்குப் பாடத்தில் 17 சதவீதப் பள்ளிகள் பக்கத்து அரசுப் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் கீழ், மீதிக்கு வேறுபாடு இல்லை. அதே மையம் 2023-இல், இந்தப் பிள்ளைகள் சராசரியாக வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் பாடத்தின் அளவு முன்னால் இருக்கிறார்கள் என்றது. ஆனால் இணையவழியில் மட்டும் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கில் 180 நாள் பின்தங்கியிருந்ததை 2015-இல் காட்டியதும் அவர்களே. பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் அவ்வளவு. பெயர்ப்பலகை பிள்ளைக்குப் பாடம் நடத்துவதில்லை.

நடத்துவது எது என்பதற்கு பொருளாதார ஆய்வாளர்கள் ரோலண்ட் ஃபிரையரும் வில் டாபியும் நியூயார்க் நகரத்துச் சார்ட்டர் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வு நல்ல பதில். சிறிய வகுப்பு, தலைக்குச் செலவழிக்கும் பணம், ஆசிரியரின் சான்றிதழ் ஆகியவற்றுக்கும் வெற்றிக்கும் அங்கே தொடர்பு தெரியவில்லை. ஆசிரியரின் வகுப்பை அடிக்கடி பார்த்துக் கருத்துச் சொல்வது, தேர்வு விவரத்தை வைத்துப் பாடத்தை மாற்றுவது, கூடுதல் பாடநேரம், நெருக்கமான தனிப்பயிற்சி, பிள்ளைகளால் முடியும் என்ற உயர்ந்த எதிர்பார்ப்பு ஆகிய ஐந்தும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை விளக்கின. பிறகு ஹூஸ்டனில் பின்தங்கிய 20 சாதாரண அரசுப் பள்ளிகளில் இதே ஐந்தையும் செய்துபார்த்தார் ஃபிரையர். கணக்கில் நல்ல முன்னேற்றம். வாசிப்பில் அநேகமாக இல்லை. ஆக, சார்ட்டர் இல்லாமலே அதன் நல்ல பழக்கங்களில் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆய்வைப் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றில் 'உயர் மருந்தளவுப் பயிற்சி' என்று படித்தேன். பள்ளிப் பிள்ளைக்கு மருந்தா? ஆறு பேருக்கு மிகாமல் உட்காரவைத்து வாரம் நான்கு நாளாவது சொல்லிக்கொடுப்பதைத்தான் ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் 'ஹை டோசேஜ் டியூட்டரிங்' என்ற பெயரில் குறிக்கிறார்கள். அகராதியில் 'டோஸ்' என்ற இடத்தில் மருந்து இருக்கிறது, எடுத்து ஒட்டிவிட்டார்கள். பட்டயப் பள்ளியும் அதே கையின் வேலை. சொல்லைப் பார்க்கிறார்கள், அது சுட்டும் காரியத்தைப் பார்ப்பதில்லை. அது என்ன செய்கிறது, யார் யாருக்கு எதைச் செய்கிறார், எப்போது முடிகிறது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தால் இந்தப் பிழைகளில் பாதி வராது. தெரியவில்லையா, சார்ட்டர் பள்ளி என்றே எழுதிவிடுங்கள். பொருள் தெரியாத அயல்சொல் வாசகரை விசாரிக்கத் தூண்டும். பொருள் தவறிய தமிழ்ச்சொல் அவரை ஏமாற்றி அனுப்பிவிடும். தூய தமிழ் வேண்டும் என்று நினைப்பவன் நான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

என் சொல்லுக்கும் குறை உண்டு. உடன்படிக்கை என்றதும் நாடுகளுக்கு இடையிலானது நினைவுக்கு வரலாம். கிறித்தவருக்குக் கடவுளோடு செய்த உடன்படிக்கை தோன்றலாம். 'ஒப்பந்தப் பள்ளி' இன்னும் எளிது என்று முதலில் நானே எழுதிப் பார்த்தேன். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர், ஒப்பந்த ஊழியர் என்று அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கும் வேலைப் பாதுகாப்பின்மை முன்னால் வந்து நிற்கிறது. பள்ளியைக் குத்தகைக்கு விட்டது போலவும் கேட்கிறது.

ஒரு சொல் நல்லதா என்று பார்க்க அதற்குக் குடும்பம் அமைகிறதா என்று பார்ப்பேன். உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டது, உடன்படிக்கை ரத்தானது, உடன்படிக்கை வழங்கும் அமைப்பு என்று எல்லாம் தடையின்றி வருகின்றன. பட்டயம் ரத்தானது என்று எழுதிப் பாருங்கள், எந்த மாணவரின் டிப்ளமா என்று கேட்பார்கள். அங்கே நீதிமன்றம் வரை போன வழக்கும் இந்தச் சொல்லில் தெளிவாகும். ஓக்லஹோமாவில் செயின்ட் இசிடோர் என்ற கத்தோலிக்க இணையப் பள்ளி சார்ட்டர் கேட்டது. இது அரசின் பள்ளியா, அரசோடு உடன்பட்ட தனியாரா என்பதுதான் வழக்கின் முடிச்சு. அரசுப் பள்ளிதான், மதப் பள்ளிக்கு இடமில்லை என்றது மாநில உச்ச நீதிமன்றம். 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4-க்கு 4 என்று பிரிந்து நின்றதால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. பட்டயம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த முடிச்சை எப்படி விளக்குவது?

அத்தைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, "அரசாங்கத்தோட உடன்படிக்கை போட்டு நடத்துற பள்ளி அத்தை. பணம் அரசாங்கம் கொடுக்கும். முதல்ல அஞ்சு வருஷம். சொன்ன மாதிரி பிள்ளைங்க படிக்கலேன்னா மூடிடுவாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "மூடிட்டா, ஆறாவது வருஷம் பிள்ளை எங்கடா போகும்?"