சொப்ரானோ குரல் உள்ள பிள்ளை ஆபரா பாட எந்த வயது சரி?

பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு ஜனவரி வந்தால் தொண்டை கட்டிய பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். கேரல் பயிற்சி, இரவில் வீடு வீடாகப் போகும் கேரல் பவனி, கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை, வருடப்பிறப்பு ஆராதனை என்று ஒரு மாதத்துக்கு மேல் பாடிய பிள்ளைகள். ஊசிக் கோபுரக் கோயில் என்னும் தேவாலயம் 1826-இல் எழும்பிய ஊர் இது. நாலு குரலில் (பெண்களில் உயர்ந்த குரல் சொப்ரானோ, தாழ்ந்தது ஆல்டோ; ஆண்களில் டெனர், பேஸ்) பிரித்துப் பாடுவது இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். அதில் எனக்கும் பெருமைதான்.

இப்போது சில வருடங்களாகப் புதிதாக, ஆபரா என்ற மேற்கத்திய இசை நாடகத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வருகிறது. "டாக்டரம்மா, பாப்பாவுக்கு சொப்ரானோ வாய்ஸுன்னு கொயர் மாஸ்டர் சொல்லுதாரு. ஆபரா கத்துக் குடுக்கலாம்லா? இப்பமே ஆரம்பிச்சாத்தான வரும்?" பாப்பாவுக்குப் பத்து, பதினொன்று வயதிருக்கும். அம்மாவின் போனில் ஒரு வெளிநாட்டுச் சிறுமி புச்சினியின் ஆபராப் பாட்டான 'ஓ மியோ பாப்பினோ காரோ'வை மைக் பிடித்துப் பாடிக்கொண்டிருப்பாள்.

என் பதில் இதுதான். பாட்டை எந்த வயதிலும் ஆரம்பிக்கலாம். ஆபரா காத்திருக்க வேண்டும். குரல் உடைந்து அடங்கி, பதினாறு பதினேழு வயதான பிறகு, நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் லேசான பழைய இத்தாலியப் பாட்டுகளில் தொடங்கலாம். மேடையில் முழு ஆபரா வேடம் இருபதுகளில்தான். கனமான வேடங்கள் அதற்கும் பிறகு.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார்கள். ஆபராப் பாடகர் மைக் இல்லாமல் பாடுகிறவர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் ஏறத்தாழ 3,800 பேர் உட்காரலாம். ஒரு முழு வாத்தியக் குழுவையும் தாண்டி அங்கே கடைசி வரிசை வரை குரல் போய்ச் சேர வேண்டும். அதற்கான மூச்சுத் தசை, விலா எலும்புக்கூடு, குரல்வளை எதுவும் பத்து வயதில் தயாராக இல்லை. போனில் பார்க்கும் சிறுமியின் குரலைப் பெரிதாக்கிக் காட்டுவது மைக்கும் ஒலிப்பதிவும். அதை வீட்டில் மைக் இல்லாமல் பாடிப் பார்க்கும் நம் பிள்ளை தொண்டையை இறுக்கித்தான் அந்தச் சத்தத்தைக் கொண்டுவருகிறது.

தொண்டைக்குள் அதிர்ந்து சத்தம் தரும் குரல் நாண் வெறும் நரம்புக் கயிறு இல்லை. மேலே மெல்லிய சவ்வு, நடுவில் மென்மையான அடுக்குகள், அடியில் தசை. இந்த அடுக்குகளை ஆராய்ந்து சொன்னவர் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ. பிறந்த குழந்தைக்கு இந்த அடுக்குகள் தனித்தனியாக இருக்காது. பள்ளிக்குப் போகும் வயதிலெல்லாம் அவை மெல்லப் பிரிந்து, பதின்பருவத்தின் பிற்பகுதியில்தான் பெரியவர்களுடையதைப் போல ஆகின்றன. நாண் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் பாருங்கள். சொப்ரானோவின் மேல் 'சி' சுரத்தில் இரண்டு நாண்களும் விநாடிக்கு ஏறத்தாழ 1,047 தடவை மோதிக்கொள்கின்றன. 1791-இல் மோட்சார்ட் எழுதிய 'மாயப் புல்லாங்குழல்' ஆபராவில் இரவு ராணி தொடும் மேல் 'எஃப்' ஏறத்தாழ 1,400 தடவை. சில பிள்ளைகள் விளையாட்டாகவே அந்த உயரத்தைத் தொட்டுவிடும். அது உண்மைதான். எட்டுகிறது என்பதற்காக அழுத்திப் பாட வைக்கலாம் என்றாகிவிடாது.

நம் ஊரில் பலருக்குத் தெரியாத ஒன்று, பெண்பிள்ளைக்கும் குரல் மாறும் என்பது. பையனுக்கு மகரக்கட்டு வந்தால் வீடே கவனிக்கும். குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். பெண்ணுக்கு இரண்டு மூன்று அரைச்சுரம்தான் இறங்கும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்த வயதில் நாண்கள் பின்பக்கம் சரியாக மூடாது. சத்தத்தோடு காற்றும் சேர்ந்து கசியும். நேற்று வந்த சுரம் இன்று வராது. 'சோம்பேறித்தனமா பாடுதா' என்று பெரியவர்கள் அதட்ட, பிள்ளை கழுத்து நரம்பு புடைக்க அழுத்தும். குரல் நாண் முடிச்சு (நாணில் காய்ப்புப் போல வரும் சின்னத் தடிப்பு) வர இப்படி அழுத்திப் பாடுவது ஒரு நேர்வழி.

இன்னொன்றையும் அம்மாக்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சிலருக்கு நாண்கள் லேசாக வீங்கும். அந்த நாட்களில் உச்சத்தில் அழுத்திப் பாட வைக்காதீர்கள். வயிற்றுவலிக்கு நீங்களாக ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வாங்கிக் கொடுத்துவிட்டு மேடையேற்றவும் கூடாது. ரத்தம் உறைவதை அவை தாமதப்படுத்தும். நாணில் ரத்தம் கசிந்தால் நிலைமை மோசமாகும். பனங்கற்கண்டும் மிளகும் போட்ட வெந்நீர் தொண்டைக்கு இதம்தான், குடிக்கட்டும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடாது. அது உணவுக்குழாய் வழியாகத்தான் போகிறது.

'சீக்கிரம் தொடங்கியவர்கள்தானே பெரிய ஆளானார்கள்' என்று சிலர் புகழ்பெற்ற ஆபராப் பாடகி மரியா காலஸைக் காட்டுவார்கள். அவர் 15 வயதில், 1939-இல், ஏதென்ஸில் மாணவர்கள் நடத்திய ஆபராவில் சான்டுஸா என்ற கனமான வேடத்தைப் பாடியது உண்மை. கடைசியாக ஆபரா மேடை ஏறியது 1965-இல், 41 வயதில். அவர் குரல் ஏன் அத்தனை சீக்கிரம் தளர்ந்தது என்று இன்றும் வாதாடுகிறார்கள். நான் காட்டுவது நார்வேயின் ஆபராப் பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாடை. 1913-இல் 18 வயதில் ஒரு சின்ன வேடத்தில் அறிமுகமானார். பல வருடம் லேசான வேடங்களைப் பாடினார். வாக்னரின் ஆபராவில் ஐசோல்டு என்ற கனமான வேடத்தை முதன்முதலாகப் பாடும்போது அவருக்கு 36 வயது. 56 வயதில் அதே வேடத்தை முழுதாக ஒலிப்பதிவு செய்து கொடுத்தார்.

சரி, அதுவரை பிள்ளை என்ன செய்வது? நிறைய இருக்கிறது. ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் சுரம் எழுதும் முறை) படிக்கட்டும், பியானோவோ கீபோர்டோ பழகட்டும், இத்தாலிய உச்சரிப்பு கற்கட்டும். தன் வயதுக்குரிய குரலில், தாடையைத் தளர்த்தி, சிரமமில்லாத சுரங்களில் பாடட்டும். மேற்கத்திய இசைக்கான கிரேடு தேர்வு எழுதலாம், ஆனால் வயதுக்கேற்ற பாட்டாகப் பார்த்து எடுங்கள். பெரியவர்களின் கனத்த குரலைப் போலிசெய்து பாடுவதை மட்டும் பாராட்டாதீர்கள். பிள்ளை அதையே திரும்பத் திரும்பச் செய்யும்.

பாடகர் குழு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹேண்டலின் அல்லேலூயா கோரஸில் சொப்ரானோ நீண்ட சுரங்களைப் பிடித்துப் படிப்படியாக ஏறும் இடம் உங்களுக்கே தெரியும். அந்த இடத்தைச் சின்னப் பிள்ளைகளை வைத்துத் திரும்பத் திரும்பப் பயிற்சி எடுக்காதீர்கள். பெரிய அக்காமார் பாடட்டும், சின்னவர்கள் அந்த நேரம் தாளைப் பார்த்து மனதுக்குள் பாடினால் போதும். குரல் மாறும் வயதுப் பெண்களைச் சில மாதம் ஆல்டோவில் உட்காரவையுங்கள். சொப்ரானோ எங்கேயும் போய்விடாது.

சளி இல்லாமலே கம்மல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பாடி முடித்ததும் தொண்டை வலித்தாலோ, எட்டிக்கொண்டிருந்த மேல் சுரம் திடீரென்று நின்றுபோனாலோ, கூட்டிக்கொண்டு வாருங்கள். சின்னக் கேமராவை விட்டு நாணைப் பார்த்துவிடலாம். பிள்ளைகளுக்கு வரும் முடிச்சுகளில் பெரும்பாலானவை குரல் பயிற்சியிலேயே சரியாகும், அறுவை சிகிச்சை வரை போவது அபூர்வம். வரும்போது பிள்ளை பாடும் பாட்டின் தாளையும் எடுத்து வாருங்கள். எந்தச் சுரத்தில் குரல் பிசிறுகிறது என்று பென்சிலால் குறித்துக் கொண்டுவந்தால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.