அதிக வாக்கு வாங்கியவர் தோற்பது எப்படி?

"ஹெல்சின்கி நகர மன்றத் தேர்தலில் கூடுதல் வாக்கு வாங்கியவர் வெளியே நிற்கிறார், குறைவாக வாங்கியவர் உள்ளே போகிறார். இது என்ன கணக்கு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பின்லாந்தின் தலைநகரான அங்கே 2025 ஏப்ரலில் நடந்த உள்ளாட்சித் தேர்தலைப் பார்த்து எழுந்த சந்தேகமாம்.

ஹெல்சின்கியின் மையப் பகுதியில் பேட்டைக்கொரு அரசியல். ஒருகாலத்தில் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த கல்லியோவில் இன்று பசுமைக் கட்சிக்கும் இடதுசாரிக் கூட்டணிக்கும் செல்வாக்கு. தெற்கே வசதியானவர்கள் வாழும் எய்ராவில் வலதுசாரி தேசியக் கூட்டணிக் கட்சியின் கை ஓங்கியிருக்கும். கிராமங்களில் பலமான மையக் கட்சியை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வார்டு கிடையாது. மொத்த நகரமும் ஒரே தொகுதி, 85 இடங்கள்.

வாக்குச் சீட்டில் கட்சிப் பெயரோ சின்னமோ இருக்காது. வெறும் வட்டம்தான், அதற்குள் வேட்பாளரின் எண்ணை எழுத வேண்டும். எண்கள் 2-இலிருந்து தொடங்கும். எந்தக் கட்சிப் பட்டியல் முதலில் வருவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். ராசி எண் கேட்டு ஜோசியரிடம் ஓடுகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. எனக்கு இதில் தனி சந்தோஷம்.

எழுதிய அந்த ஒரு எண் இரண்டு வேலை பார்க்கிறது. முதலில் கட்சியின் கணக்கில் சேர்கிறது. அப்புறம் கட்சிக்குள் யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசைப்படுத்துகிறது. இலங்கையில் கட்சிக்கு ஒரு அடையாளம், விருப்பு வாக்குக்கு வேறு அடையாளம் இடுவார்கள். பின்லாந்தில் இரண்டும் ஒன்றே.

இனி கணக்கு. பெல்ஜிய வழக்கறிஞர் விக்டர் டோண்ட் 1878-இல் முன்வைத்த முறை இது. கட்சியில் அதிக வாக்கு பெற்றவருக்குக் கட்சியின் மொத்த வாக்கும் 'ஒப்பீட்டு எண்ணாக'த் தரப்படும். இரண்டாமவருக்கு மொத்தத்தில் பாதி, மூன்றாமவருக்கு மூன்றில் ஒரு பங்கு. பிறகு எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, மேலிருந்து இடங்களை நிரப்ப வேண்டியதுதான்.

கற்பனையாக ஓர் ஊர், 5 இடங்கள். அ கட்சிக்கு 6000 வாக்குகள், ஆ கட்சிக்கு 4500, இ கட்சிக்கு 1800. அ-வின் எண்கள் 6000, 3000, 2000. ஆ-வுக்கு 4500, 2250, 1500. இ-க்கு 1800. மேலிருந்து ஐந்தை எடுத்தால் 6000, 4500, 3000, 2250, 2000. அ-வுக்கு மூன்று இடம், ஆ-வுக்கு இரண்டு. இ-யின் நட்சத்திர வேட்பாளர் தனியாகவே 1500 வாக்கு வாங்கியிருந்தாலும் தோல்விதான். அ-வின் மூன்றாவது ஆள் 700 வாக்கு மட்டுமே வாங்கி மன்றத்துக்குப் போகிறார். வாசகரின் சந்தேகம் இங்கே தீர்ந்துவிடும்.

ஆனால் நான் சொக்கிப்போகும் இடம் இனிமேல்தான் வருகிறது. பின்லாந்தில் கட்சிகள் தேர்தல் கூட்டணி அமைத்தால் கணக்கில் ஒரே பட்டியலாகிவிடும். ஆ-வும் இ-யும் சேரட்டும்: மொத்தம் 6300. எண்கள் 6300, 3150, 2100. இப்போது முதல் ஐந்து 6300, 6000, 3150, 3000, 2100. அ இரண்டுக்கு இறங்கிவிட்டது, கூட்டணிக்கு மூன்று! ஒரு வாக்காளர்கூட மனம் மாறவில்லை. கூட்டணிக்குள் வரிசை சொந்த வாக்கைப் பொறுத்தது. ஆ-வின் முதல் இருவர் 2000, 1100 வாங்கியிருந்தால், 1500 வாங்கிய நட்சத்திரம் நடுவில் நுழைந்துவிடுகிறார். சின்னக் கட்சி ஒரு இடம் பெறுகிறது, பெரியண்ணனுக்கும் நஷ்டமில்லை.

இந்த முறை பெரிய கட்சிக்குக் கொஞ்சம் சாய்வானது என்பது உண்மை. பின்லாந்தில் சட்டப்படி குறைந்தபட்ச வாக்கு வரம்பு இல்லை. இடங்களின் எண்ணிக்கையே வரம்பாகிவிடுகிறது. 85 இடங்கள் என்றால் 86-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.2% வாக்கு இருந்தாலே ஓர் இடம் உறுதி. 6 இடம் மட்டுமே உள்ள நாடாளுமன்றத் தொகுதியில் அதே உறுதிக்கு ஏழில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும், 14 சதவீதத்துக்கும் மேல். பெருநகர மன்றங்களில் சின்னக் கட்சிகள் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒப்பீட்டு எண்கள் சமமாக வந்தால்? மறுபடியும் குலுக்கல்தான்.