முதல் கமரா வாங்குபவர்கள் கடையில் கேட்கவேண்டிய கேள்விகள்

வெள்ளவத்தையில் கமரா திருத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "கெனன் நல்லதா, நிக்கோன் நல்லதா, சோனி நல்லதா?" என்பதே. பிள்ளையின் பிறந்தநாளையும் தேர்த் திருவிழாவையும் குடும்பப் பயணங்களையும் படமெடுக்க விரும்பும் ஒருவர், ஏறத்தாழ ஒரே விலையில் இவற்றுள் எதை வாங்கினாலும், படத்தில் பெரிய வேறுபாட்டைக் காணமாட்டார். புஜிபிலிமையும் இந்த வரிசையில் தயங்காமல் சேர்ப்பேன். வேறுபாடு தெரியவருவது கமரா பழுதாகும் நாளில்தான். ஆகவே எந்த நிறுவனம் என்று கேட்பதற்கு முன், அந்த நிறுவனத்தின் கமராவுக்குக் கொழும்பில் யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா, ஜப்பானில் வேலை செய்யும் மகன் வாங்கி அனுப்பிய கமராவை என் மேசையில் வைத்து, "தம்பி, இதை இங்கிலீசுக்கு மாத்தித் தாங்கோ" என்றார். மெனு முழுவதையும் தேடியும் மொழி மாற்றும் வரி இருக்கவில்லை. ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று தயாரிக்கப்படும் சில மாதிரிகளில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். அவருக்குத் தேவைப்படும் எட்டுப் பத்து அமைப்புகளின் எழுத்துகளை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழில் பொருள் எழுதிக் கொடுப்பதைத் தவிர என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அன்போடு வந்துசேரும் கமராக்களிலும் இதைப் போன்ற ஒரு சிக்கல் உண்டு. பல நிறுவனங்களின் உத்தரவாதம், கமரா விற்கப்பட்ட நாட்டுக்கோ பிராந்தியத்துக்கோ மட்டுமே செல்லுபடியாகும்.

இங்கேயே வாங்கினாலும், உத்தரவாதத்தைத் தருவது நிறுவனத்தின் உள்ளூர் முகவரா, அல்லது அந்தக் கடை மட்டுமா என்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். கடையின் உத்தரவாதம் அந்தக் கடை இருக்கும் வரைக்கும்தான். பெட்டியிலும் கமராவின் அடியிலும் உத்தரவாத அட்டையிலும் உள்ள தொடர் இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, அந்த இலக்கம் எழுதப்பட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடப் போகும்போதும் அந்தச் சீட்டுத்தான் கைகொடுக்கும்.

மெகாபிக்சலைப் பற்றி, அதாவது ஒரு படத்தில் எத்தனை மில்லியன் புள்ளிகள் இருக்கின்றன என்பதைப் பற்றி, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ4 அளவில் தெளிவாக அச்சிடுவதற்கு ஏறத்தாழ 9 மெகாபிக்சல் போதும். பெயர் தெரியாத கமராக்களின் பெட்டியில் பெரிய எண் அச்சிடப்பட்டிருந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒளியைப் படமாகப் பதியும், நகத்தளவுகூட இல்லாத சென்சரே. மீதியை மென்பொருள் ஊதிப் பெருக்குகிறது. கையிலுள்ள தொலைபேசியே அதைவிட நல்ல படம் தரும்.

லென்ஸ் மாற்றக்கூடிய கமரா என்றால், நிறுவனத்தைவிட மவுண்ட், அதாவது லென்ஸைக் கமராவில் பூட்டும் வாய், முக்கியம். கெனன் 2012 இல் தொடங்கிய எம் வரிசை இப்போது நின்றுவிட்டது; அந்தக் கமராவில் கெனனின் புதிய ஆர்எஃப் மவுண்ட் லென்ஸ்களைப் பொருத்த முடியாது. நிக்கோனின் எஃப் மவுண்ட் 1959 இலிருந்து வருவது என்று சொல்லிப் பழைய லென்ஸ்களையும் சேர்த்து விற்பார்கள். ஆனால் டி3500 போன்ற தொடக்கநிலை கமராக்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது; மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அவற்றில் பூட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் போகஸ் செய்ய வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என் மேசைக்கு அதிகமாக வருவது பங்கசு (பூஞ்சணம்) பிடித்த லென்ஸ்தான். டோர்ச் வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்தால் பார்த்தால், கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போல மெல்லிய கிளைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்திருப்பது தெரியும். கொழும்பின் கடற்காற்றும் ஈரப்பதனும் எந்த நிறுவனத்தின் லென்ஸையும் விட்டுவைப்பதில்லை. தோல் பையில் போட்டு அலுமாரிக்குள் பத்திரமாகப் பூட்டிவைத்த கமராக்களே பெரும்பாலும் இப்படிக் கெட்டுப்போகின்றன, ஏனென்றால் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும், இருட்டும் பங்கசுக்கு ஏற்றது. கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்ட பிறகு, துடைத்தாலும் தழும்பு போகாது. லென்ஸ் உடம்போடு சேர்ந்த சிறிய கமராவில் இது வந்தால் முழுவதையும் கழற்ற வேண்டும், கூலி கமராவின் விலையை எட்டிவிடும்.

ஆகவே இறுக்கமாக மூடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியையும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளையும், ஈரப்பதனைக் காட்டும் சிறிய மானியையும் கமரா வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள். மானி 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறத் தொடங்கினால் ஜெல்லை மாற்றுங்கள்.