அடியில் வாழும் மீனுக்கு ஒரு சிரட்டை வீடு

திருகோணமலைக்குப் பக்கத்தில் வெந்நீர் ஊற்றுள்ள கன்னியாவுக்குப் போகிறவர்கள் ஏழு கிணறுகளையும் பார்த்து, வெந்நீரில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த ஊற்று நீரில் பிடித்த அயிரை ஒன்றை வைத்துத்தான் 1846 இல் வலன்சியேன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் ஒரு மீனினத்தை விவரித்தார். வெப்பத்தைக் குறிக்கும் 'தெர்மாலிஸ்' என்ற சொல் அதன் அறிவியற் பெயரில் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். விரல் நீளம்கூட வராத இந்த மீன் ஆபத்தை உணர்ந்தால் ஓடாது. மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும்.

மீன்தொட்டியின் அடியில் வாழும் மீன்களுக்கெல்லாம் இப்படி ஒளிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். வழி மட்டும் இனத்துக்கு இனம் வேறுபடும். அயிரைக்கு மணலும் சருகும் போதும். கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி வகை மீன் கூட்டமாக ஒரே கூரைக்குக் கீழ் ஒதுங்கும். நம் கடைகளில் 'டாங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீனுக்குத் தன் உடம்பை ஒட்டினாற்போல் ஒரு பொந்து வேண்டும், அதைப் பங்குபோடவும் அது சம்மதிக்காது. ஒளிய இடமில்லாத மீன் வடிகட்டிக்குப் பின்னால் மூலையில் ஒட்டிக் கிடக்கும், நிறம் வெளிறும், செவுள் வேகமாக அடிக்கும், தீனி எடுக்காது. மறைவிடம் வைத்தால் மீனைப் பார்க்கவே முடியாது என்று பலர் தயங்குகிறார்கள். நடப்பது நேர்மாறு. ஓடி ஒளியும் தூரம் குறைவாக இருக்கும்போதுதான் மீன் துணிந்து வெளியே வரும்.

திருகோணமலையில் இருப்பவருக்கு மறைவிடம் என்றதும் கண் கடற்கரைக்குத்தான் போகும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் அலை ஒதுக்கிய முருகைக்கல்லும் சங்கும் சிப்பியும் காசில்லாமல் கிடக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன. ஆனால் நன்னீர்த் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமில்லாத கடை கிடையாது. நிலாவெளிக் கடலிலுள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. முருகைக்கல் சேகரிப்பது நாடு முழுக்கவே சட்டத்துக்கு விரோதம். சட்டத்தை விட்டாலும் வேதியியல் விடாது.

முருகைக்கல்லும் சிப்பியும் கல்சியம் காபனேற்று. மென்மையான நீரில் அது மெல்லக் கரைந்து, கடினத்தன்மையையும், நீரின் அமில காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் உயர்த்தும். மீன் வெளிவிடும் அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அவற்றில் நஞ்சான வடிவத்தின் பங்கு, 30 பாகை வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருக்கும்போது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அது ஏறக்குறைய ஏழரை. ஒரு துளி அமோனியாவும் கூடாமலே நஞ்சு ஒன்பது மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. கரையோரக் கிணற்று நீர் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்தது என்பதால் அதில் இந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. மாரியில் மழைநீர் பிடித்துத் தொட்டி நிரப்புகிறவர்களுக்குத்தான் அடி பலமாக விழும். எந்த நீராக இருந்தாலும், முருகைக்கல்லின் கூரிய முனைகள் செதிலில்லாத வயிற்றைக் கிழிப்பது மட்டும் மாறாது.

எந்தக் கல்லானாலும் ஆணியால் ஓரிடத்தைச் சுரண்டி, அந்தத் தூளின் மேல் நான்கைந்து துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். சுரண்டாமல் விட்டால் சில கற்கள் நுரைக்காமல் ஏமாற்றிவிடும். மணலுக்கும் இதே சோதனைதான். புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணல் பார்க்க நன்றாக இருக்கும், அதைத் தொடாதீர்கள். அதிலுள்ள இல்மனைற்று என்ற கனிமம் சாதாரண மணலைவிட ஒன்றே முக்கால் மடங்கு பாரம். கண்ணாடி துடைக்கும் வலுவான காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீறவும் செய்யும். கழுவிச் சலித்த ஆற்று மணல் போதும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமுமான தொட்டிக்கு 4 சென்ரிமீற்றர் உயரம் போட ஏழு லீற்றருக்குச் சற்றுக் கூட, நிறையில் சுமார் 11 கிலோ வேண்டும். அதைவிட ஆழமாகப் போட்டால் அடியில் ஒட்சிசன் புகாமல் மணல் கறுத்து, கிளறும்போது கூழ்முட்டை மணம் வரும். அயிரை இருந்தால் மணல் நைசாக இருக்கட்டும், உடைகல் போன்ற கூர்மணல் அதன் மீசையைத் தேய்த்துவிடும்.

இனி கடற்கரையை விட்டு அடுப்படிக்கு வருவோம். தேங்காய்ச் சிரட்டையைப் போல மலிவான, பாதுகாப்பான மறைவிடம் வேறில்லை, அதைக் கெடுப்பதற்கும் ஒரே வழிதான்: அவசரம். நன்கு முற்றிய தேங்காயின் கண் உள்ள பாதியை எடுங்கள். திருவலையில் துருவிய பின்னும் உட்சுவரில் ஒட்டியிருக்கும் தேங்காய்ப்பூவைக் கத்தியால் முழுதாகச் சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, மறுபடி சுரண்ட வேண்டும். மிஞ்சும் எண்ணெய்தான் எதிரி. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரைப் பால்போலக் கலக்கி, மீனுக்குரிய ஒட்சிசனையும் குடித்துவிடும். வெளித் தும்பையும் உரித்துவிடுங்கள், அது கழன்று வடிகட்டியை அடைக்கும்.

சிரட்டையை வேகவைப்பதற்கு முன்பே வாசலை வெட்டுவது நல்லது. இரும்பறுக்கும் வாளால் விளிம்பில் அரைவட்டமாக 4 சென்ரிமீற்றர் அகலமும் 3 உயரமும் வெட்டினால் கோரிடோராஸ் தாராளமாகப் போய்வரும். எதிர்ப்பக்கத்திலும் அப்படி ஒன்று வேண்டும். வெட்டிய ஓரங்களை, விரலை அழுத்தி ஓட்டினாலும் உறுத்தாத அளவுக்கு அரத்தாளால் தேயுங்கள். மென்மையான கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால், கவிழ்க்கும்போது கூரைக்குள் சிக்கும் காற்று அதன் வழியே வெளியேறும். பிறகு அரை மணி நேரம் கொதிக்கவைத்து நீரைக் கொட்டி, அதையே இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். மூன்றாவது நீர் வெளிர்ந்த தேநீர் நிறத்துக்கு வந்தால் சரி. எண்ணெய்ப் படலம் மிதந்தால் நாலாவது முறையும் வேகட்டும். அதன்பின் ஒரு வாளி நீரில் அமிழ்த்தி ஒரு வாரம் வையுங்கள். பக்கத்தில் இன்னொரு வாளியில் அதே நீரை வெறுமனே வைத்து, இரண்டின் மணத்தையும் பிஎச் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

இரண்டு வாசல் என்பது அலங்காரத்துக்கு அல்ல. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஒட்சிசன் குறையும்: 25 பாகையில் லீற்றருக்கு 8.2 மில்லிகிராம், 30 பாகையில் 7.5. கச்சான் என்னும் வெப்பக் காற்று அடிக்கும் நாட்களில் இங்குள்ள தொட்டிகள் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம். ஒரு வாசல் பொந்துக்குள் நீர் ஓடாது. மிச்சத் தீனியும் கழிவும் அங்கே தங்கி அழுக, மீன் தன் பாதுகாப்பான இடத்திலேயே மூச்சுத்திணறும்.

மண் சட்டி, முட்டி வைப்பதானால் குயவரிடம் வாங்கிய புதியதாக இருக்கட்டும், பளபளப்புப் பூச்சும் பெயின்ரும் கூடாது. மீன்குழம்பு வைத்துப் பழகிய சட்டி எவ்வளவு தேய்த்தாலும் உதவாது, எண்ணெயும் உப்பும் மண்ணின் துளைகளுக்குள் ஊறியிருக்கும். பூச்சட்டியில் இன்னொரு பொறி இருக்கிறது: அடித்துளை. தலை நுழையும், உடம்பு நுழையாது. சக்கர் மீனும் கெளிறும் பயந்தால் பக்கச் செட்டையின் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும் என்பதால் பின்னால் வரவும் முடியாது, அங்கேயே சாகும். அந்தத் துளையை மீன்தொட்டிக்குரிய சிலிக்கனால் அடைத்து இரண்டு நாள் காயவிடுங்கள், அல்லது மீன் தாராளமாகப் புகும் அளவுக்குப் பெருப்பியுங்கள்.

கல் குகை கட்டுகிறவர்கள் மணலைப் போட்டு அதன்மேல் கல்லை வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கருங்கல் நீரைப்போல 2.7 மடங்கு பாரம். 10 கிலோக் கல் நீருக்குள்ளும் 6 கிலோவுக்கு மேல் அழுத்தும். மீன் அடியில் தோண்டத் தோண்ட அது சரியும். முதலில் கண்ணாடியில் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தகடு, அதன்மேல் கல், கடைசியாக மணல். கையால் அசைத்தால் ஆடும் அடுக்கு தொட்டிக்குள் போகக் கூடாது. கல்லைக் கொதிக்கவைக்கவும் வேண்டாம், உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி வெடிக்கலாம். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாலே போதும்.

மரத்துண்டுக்கு, பட்டை உரிந்து நன்கு காய்ந்த கொய்யாக் கிளை நல்லது. அலையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும். கண்டல் காட்டுத் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும் நஞ்சு. அலரியும் வேம்பும் வேண்டாம். முதல் சில வாரங்களில் கட்டையில் வெள்ளைப் பூஞ்சை படிந்தால் பயப்படத் தேவையில்லை, துடைத்துவிட்டால் போகும். நாட்டு வாதுமைச் சருகு என்றால் மரத்திலிருந்து தானாக உதிர்ந்து பழுப்பானது, 40 லீற்றருக்கு ஒன்றிரண்டு. நுளம்புக்குப் புகையடித்த தெருவில் பொறுக்காதீர்கள். அந்தப் புகையில் வழக்கமாக இருக்கும் பைரத்திரொயிட் வகைப் பூச்சிமருந்து மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது.

சக்கர் மீனுக்குத் தலைக்கொரு பொந்து, உபரியாக இன்னொன்று. வாசல்கள் ஒன்றையொன்று பார்க்காமல் திரும்பியிருந்தால் சண்டை குறையும். கிழமைக்கொரு முறை நீர் மாற்றும்போது சிரட்டையைத் தூக்கி அதன் அடியைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். கத்தி நுனி உள்ளே இறங்கும் அளவுக்குச் சிரட்டை மெத்தென்று ஆனால் மாற்ற வேண்டியதுதான்.

தூக்கும்போது உள்ளே அயிரை இருந்தால் வலையால் பிடிக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே மடங்கியிருக்கும் சிறு முள் விரிந்து வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கண்ணோரம் கிழியும். ஒரு பிளாஸ்ரிக் கோப்பையை வாசலில் வைத்துச் சிரட்டையைச் சரித்தால் நீரோடு அதுவே வழுக்கி இறங்கிவிடும்.