பாடு: ‘வள மேலாண்மை’க்கு வலைக்காரர்களின் சொல்

காலநிலை மாற்றம் பற்றிய கூட்டங்களில் ‘சமுதாயம் சார்ந்த இயற்கை வள மேலாண்மை’ என்ற தொடர் அடிக்கடி அடிபடும். ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. வடசென்னையில் எண்ணூர் மீனவக் குப்பங்களில் இப்படி யாரும் பேசுவதில்லை.

‘மேனேஜ்மென்ட்’ என்ற சொல், குதிரையைப் பழக்குவதைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர் ‘கை’ என்று பொருள்படும் லத்தீனின் ‘மானுஸ்’. தமிழில் மேல் + ஆண்மை என்று ஆக்கியபோது கை போய்விட்டது, மேலே நின்று ஆள்வது வந்துவிட்டது. அலுவலகத்துக்குச் சரி. பல ஊர்கள் ஒரே தண்ணீரைப் பங்கிட்டு வாழ்வதற்கு இந்தச் சொல் பொருந்தாது.

அதற்கு மீனவர்களிடம் இருக்கும் சொல் பாடு. கெடு கேடு ஆனதுபோல, சுடு சூடு ஆனதுபோல, படு நீண்டு பாடு ஆனது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். வலையில் மீன் ‘பட்டது’ என்கிறோம். சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகு கரை சேர்ந்ததும் விசாரிப்பது மீன்பாட்டைத்தான். மீன் படும் இடமும் பாடு. அங்கே யார், எப்போது வலை கட்டுவது என்ற முறையும் பாடு.

எண்ணூருக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. இறால் நன்றாகப் படும் இடங்கள் அங்கே கொஞ்சம்தான். முந்திப் போனவருக்கே இடம் என்றால் தினமும் அடிதடிதான். அதனால் ஊர் கூடிப் பேசி, சீட்டுப் போட்டு, இடத்தையும் நாளையும் பிரித்துக்கொண்டார்கள். இன்று நல்ல இடம் வாய்த்தவர் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போவார். எல்லாரும் ஒரே நாளில் வலையை இறக்க முடியாது என்பதால் மீன்வளமும் ஒரேயடியாகச் சுரண்டப்படுவதில்லை. கொச்சிக் காயலிலும் இதே பெயரில் இப்படி ஒரு முறை உண்டு.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பாடு முறையில் பங்கு நெடுங்காலம் பரம்பரை மீனவச் சாதியின் ஆண்களுக்கே இருந்தது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் சீட்டில் பெயர் இல்லை. இந்தச் சொல்லைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

பாடு நிலைக்கத் தண்ணீர் நிலைக்க வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடல்நீர் வராது, இறால் குஞ்சும் வராது. எண்ணூரில் கடலோடு சேரும் கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறையக் குறைய, வலை கட்டும் இடங்களும் குறைகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தபோது, எண்ணூர் மீனவர்கள் படகில் போய்க் கையாலேயே அதை அள்ளினார்கள். ‘படாத பாடு’ என்பதும் இதே பாடுதான்.

எழுதும்போது ‘பாடு முறை’ என்று எழுதலாம். ‘பாட்டு முறை’ என்றால் இசையாகிவிடும். ‘முறைப்பாடு’ என்றால் இலங்கைத் தமிழில் புகார். வயலுக்கு முறை வைத்துப் பாய்ச்சும் நீருக்கு ‘முறைத்தண்ணீர்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. உப்பங்கழிக்கும் ஏரிக்கும் ‘பாடு’ போதும்.